சிறையில் வயதாகும் அம்மாவுக்கு: நோய் தெரிந்த நாளிலிருந்து குடும்பத்தார் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் பெண்களுக்கென்று புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை ஆகிய ஐந்து இடங்களில் தனிச்சிறைகள் இருக்கின்றன. இவற்றில் ஒன்றில் உங்கள் அம்மாவோ, மாமியாரோ, அத்தையோ, அக்காவோ அறுபதைக் கடந்த வயதில் இருக்கிறார் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்காக எழுதப்பட்டது. பெண்கள் சிறை ஒன்றுக்குச் சட்ட உதவித் தன்னார்வலராகப் பல ஆண்டுகள் போய் வந்ததில் நான் கற்றுக்கொண்டவற்றை, எந்த நேரத்தில் எதைச் செய்ய வேண்டும் என்ற வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் சிறைப் புள்ளிவிவரத்தில் வயதுக்கான கடைசிக் கட்டம் ‘50-உம் அதற்கு மேலும்’ என்று முடிந்துவிடுகிறது. 52 வயதில் நிமிர்ந்து நடக்கும் பெண்ணும், 80 வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பெண்ணும் அந்த அட்டவணையில் ஒரே கட்டத்துக்குள் அடங்குகிறார்கள். 2022-ஆம் ஆண்டின் முடிவில் நாடு முழுவதும் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் பெண்கள் 23,772 பேர்தான். அதாவது நூற்றுக்கு நான்கு பேர். சிறிய தொகையினருக்குள்ளும் சிறிய தொகையினர் என்பதால், வயதான பெண்ணின் தேவை யாருடைய கண்ணிலும் தானாகப் படுவதில்லை. வெளியில் இருக்கும் ஒருவர் அதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதையொட்டியே வரும். நான் பார்த்த வரையில், பிணையோ விடுதலையோ கேட்கும் மனு தள்ளுபடியானதால் உள்ளேயே இறந்துபோனவர்களைவிட, மனு போட நாள் கடத்தியதால் உள்ளேயே இறந்துபோனவர்களே அதிகம். ‘இன்னும் கொஞ்சம் முடியாமல் போனால் போடலாம்’ என்று வக்கீலும் நினைக்கிறார், குடும்பமும் நினைக்கிறது. மருத்துவர் அறிக்கை, நன்னடத்தை அலுவலர் அறிக்கை, காவல் நிலைய அறிக்கை என்று ஒவ்வொரு மேசையிலும் காகிதம் சில வாரங்கள் தங்கும். ஆகவே நோயின் பெயர் தெரிந்த அன்றே காகித வேலை தொடங்கியாக வேண்டும்.

மனு பார்க்கும்போது எதைக் கவனிப்பது

சிறைக்குப் போய்ப் பார்ப்பதை நம் ஊரில் ‘மனு பார்ப்பது’ என்றே சொல்கிறோம். அந்தச் சில நிமிடங்களில் பேரன் படிப்பு, வழக்கு வாய்தா, வீட்டு வாடகை எல்லாம் பேசி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். ‘உடம்பு எப்படிம்மா இருக்கு’ என்று கேட்டால், ‘எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்’ என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். பிள்ளைகளைக் கவலைப்படுத்தக் கூடாது என்ற எண்ணமும், நோயைச் சொன்னால் வழிக்காவல் (உடன் வரும் போலீஸ்), ஆஸ்பத்திரி என்று அலைய வேண்டுமே என்ற அலுப்பும் அந்தப் பதிலுக்குள் சேர்ந்து இருக்கின்றன. எனவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள். உட்கார்ந்து எழ யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறதா, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறார், நேற்று என்ன சாப்பிட்டார், அதில் எவ்வளவு மிச்சம் வைத்தார், கடைசியாக எப்போது மலம் போனது, மாதவிடாய் நின்ற பிறகு எப்போதாவது ரத்தம் பட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைசிக் கேள்வியை மகன்கள் கேட்க மாட்டார்கள். மகளோ மருமகளோ போகும் நாளில் அவசியம் கேட்க வேண்டும். மாதவிடாய் நின்று ஆண்டுகள் கழித்து வரும் ரத்தப்போக்கு, ஒரு சொட்டாக இருந்தாலும், மருத்துவர் பார்த்தே ஆக வேண்டிய ஒன்று.

கேட்பதைவிடப் பார்ப்பது அதிகம் சொல்லும். அறுபத்தெட்டு வயதான ஓர் அம்மா, ஒவ்வொரு முறையும் ‘வயித்துல வாயுதான்’ என்று சொல்லி வந்தார். ஒரு நாள் அவர் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றபோது, ரவிக்கையின் முதுகுப் பக்கத்தில் கறுப்பு நூலால் இரண்டு மடிப்புகள் தைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். ஒரு மடிப்பு நூல் வெளிறிப் பழையதாக இருந்தது. பக்கத்திலிருந்த இன்னொன்று புதியது. ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை ரவிக்கையைப் பிடித்துத் தைக்கும் அளவுக்கு உடம்பு இளைத்திருக்கிறது என்பதை அவருடைய மகள் அன்றுதான் புரிந்துகொண்டாள். சிறை மருத்துவ அலுவலருக்கு எழுதிய கடிதத்தில் அந்த மடிப்புகளைப் பற்றியே எழுதினோம்; எடை பார்க்கப்பட்டது, எட்டு கிலோ குறைந்திருந்தது, அதன் பிறகே ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். மனுவுக்குப் போகும்போது ரவிக்கையைப் பாருங்கள், பாத வீக்கத்தைப் பாருங்கள், செருப்பு வார் பதிந்த தடத்தைப் பாருங்கள், கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வந்ததும் பேருந்திலேயே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். பிறகு நீதிமன்றத்தில் இந்த நோட்டின் தேதிகள் உங்களுக்கு மிகவும் தேவைப்படும்.

சிறையின் அன்றாடம் வயதான உடம்புக்கு எங்கே இடைஞ்சலாகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தரையில் பாய் விரித்துப் படுப்பது, குத்துக்கால் இட்டு உட்காரும் கழிப்பறை, வாளித் தண்ணீரைத் தூக்கி வருவது, காலையும் மாலையும் எண்ணிக்கைக்கு வரிசையில் நிற்பது, மாலையில் பூட்டினால் மறுநாள் விடியும்வரை திறக்காத கதவு என எல்லாமே இளைய உடம்பைக் கணக்கில் வைத்தவை. கர்ப்பப்பை இறக்கம் உள்ள பெண் குத்துக்கால் இட முடியாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். அதனால் சிறுநீர்த் தொற்று வரும். எலும்புத் தேய்மானம் உள்ளவர் ஈரக் குளியலறையில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். இந்த வயதில் அதற்குப் பிறகு பலர் எழுந்து நடப்பதே இல்லை. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு மாலைச் சாப்பாடு சீக்கிரமே கிடைத்து, இரவு இரண்டு மணிக்குச் சர்க்கரை இறங்கினால், பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அடையாளம் தெரிந்திருந்தால்தான் பிழைப்பார். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினால் உடனே சர்க்கரை வாயில் போட்டுக் காவலரைக் கூப்பிட வேண்டும் என்று அவரோடு இருக்கும் பெண்ணிடம் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். சர்க்கரையோ குளுக்கோஸோ கையில் வைத்துக்கொள்ள மருத்துவ அலுவலரின் எழுத்து அனுமதி வாங்குங்கள்.

எழுத்தில் கேளுங்கள்

வாய்மொழியாகச் சொன்னது அந்த ஷிஃப்ட் முடிந்ததும் மறைந்துவிடும். சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு, அதன் நகல் சிறை மருத்துவ அலுவலருக்கு, இன்னொரு நகல் இலவச சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்கு என்று மூன்று பிரதிகள் எழுதுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) பதிவு செய்து, ஒப்படைத்ததற்கான சான்றும் கேட்டு அனுப்புங்கள். கோபத்தை மனுவில் எழுத வேண்டாம். என்ன அறிகுறி, எந்தத் தேதியிலிருந்து, என்ன கேட்கிறோம் என்ற மூன்றும் ஒரு பக்கத்தில் இருந்தால் போதும். சிறை மருத்துவர்களில் பெரும்பாலோர் உதவ விரும்புகிறவர்கள்தாம். வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வழிக்காவலுக்குப் பெண் காவலர்கள் கிடைக்காமல் தேதி தள்ளிப்போவதே அவர்களுடைய பெரிய தொல்லை. ‘இந்தத் தேதியில் ஸ்கேன், தவறினால் அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்து’ என்று எழுதிய உங்கள் மனு, வழிக்காவல் கேட்டு அவர் எழுதும் கடிதத்துக்கும் வலுச் சேர்க்கும்.

எதைக் கேட்கலாம் என்பதற்கு ஐக்கிய நாடுகள் சபையின் இரண்டு விதித் தொகுப்புகள் துணை நிற்கும். 2015-ஆம் ஆண்டின் நெல்சன் மண்டேலா விதிகளில் 24-ஆவது விதி, வெளியில் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் சிறைவாசிக்கும் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்கிறது. 27-ஆவது விதி, மருத்துவ முடிவை மருத்துவம் படிக்காத சிறை அலுவலர் மாற்றக் கூடாது என்கிறது. 2010-ஆம் ஆண்டின் பாங்காக் விதிகள் பெண் சிறைவாசிகளுக்கென்றே எழுதப்பட்டவை. கேட்டுக்கொண்டால் பெண் மருத்துவரோ செவிலியரோ பரிசோதிக்க வேண்டும் என்பதும், மார்பகப் புற்றுநோய்க்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் முன்பரிசோதனை வேண்டும் என்பதும் அவற்றில் இருக்கின்றன. இவை சட்டத்தைப் போல நேரடியாகக் கட்டுப்படுத்துபவை அல்ல. ஆனால் நம் நீதிமன்றங்கள் இவற்றை மதித்து மேற்கோள் காட்டுகின்றன. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வயது கடந்த பெண்களுக்கு இலவசமாகச் செய்யப்படும் அதே பரிசோதனையைத்தான் நீங்கள் அம்மாவுக்கும் கேட்கிறீர்கள் என்று மனுவில் எழுதுங்கள்.

சிறு பொருள்களைக் கேட்கத் தயங்க வேண்டாம். கட்டில், நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி, ஊன்றுகோல், பல்செட், மூக்குக் கண்ணாடி, பெரியவர்களுக்கான டயப்பர், படுக்கைக்கு ரப்பர் விரிப்பு ஆகியவை ஒரு முதியவளின் மானத்தைக் காப்பவை. திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி அடிகள், சிறையில் இருந்தபோது பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சிக் குடிக்கும் குவளை கேட்டு 2020-இல் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததை நாடே பார்த்தது. மருத்துவக் காரணத்துக்கான அவருடைய பிணை மனு மும்பை உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும்போதே, 2021 ஜூலை 5 அன்று 84 வயதில் அவர் இறந்தார். மருத்துவ அலுவலர் ஒரு பொருளைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் அது மருந்துக்குச் சமம். அந்தச் சீட்டை வாங்கித் தரும்படி கேளுங்கள்.

மருத்துவ ஆவணங்களின் நகல்கள் தர மறுக்கப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 7(1) பிரிவு சொல்கிறது. விண்ணப்பத்தின் தலைப்பிலேயே அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, அம்மாவின் கையெழுத்திட்ட ஒப்புதலையும் இணைத்துவிடுங்கள்.

மறதி நோயைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. எண்ணிக்கையின்போது பெயரைக் கூப்பிட்டும் பதில் சொல்லாமல் நிற்பதும், வேறொருவர் தட்டை எடுத்துக்கொள்வதும், இரவில் கதவைத் தட்டுவதும் அடங்காத்தனமாகப் பார்க்கப்பட்டுத் தண்டனைக்குள்ளாகக் கூடும். இப்படி ஏதேனும் கேள்விப்பட்டால் மனநல மருத்துவரின் பரிசோதனையை எழுத்தில் கேளுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் 103-ஆவது பிரிவு சிறைவாசிகளுக்கான மனநல மருத்துவத்தைப் பற்றியதே.

வெளியே கொண்டுவரும் வழிகள்

இங்கேதான் காலம் அதிகம் வீணாகிறது. பல குடும்பங்கள் தங்களுக்குப் பொருந்தாத வாசலில் போய் நிற்கின்றன. முதலில் அம்மா விசாரணைக் கைதியா, தண்டிக்கப்பட்டு மேல்முறையீடு நிலுவையில் உள்ளவரா, மேல்முறையீடும் முடிந்த தண்டனைக் கைதியா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்பது ஒரு தடையே இல்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, பெண் என்பதாலும் காவலில் இருப்பவர் என்பதாலும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்குரைஞர் பெற அவருக்கு உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். சிறைக்குள் இருக்கும் சட்ட உதவி மையத்தில் அம்மாவே எழுதிக் கொடுக்கலாம்.

விசாரணைக் கைதி என்றால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480-ஆவது பிரிவில் ஒரு வரம்புரை (விதிவிலக்கு) இருக்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்பட்டிருந்தாலும், அவர் பெண்ணாகவோ நோயாளியாகவோ தளர்ந்தவராகவோ இருந்தால் நீதிமன்றம் பிணையில் விடலாம் என்று அது சொல்கிறது. உங்கள் அம்மா இந்த மூன்றுமாக இருக்கிறார் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே சொல்லச் சொல்லுங்கள். அமர்வு நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் 483-ஆவது பிரிவின் கீழ் போகலாம். இதற்கு முன் தண்டனை பெறாதவர், சாட்டப்பட்ட குற்றத்துக்கான உச்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டாலும், மற்றவர்கள் பாதியைக் கழித்துவிட்டாலும், 479-ஆவது பிரிவு உதவும். மரணம் அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் அது பொருந்தாது. அந்தக் காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுதுவது கண்காணிப்பாளரின் கடமை என்றே சட்டம் சொல்கிறது. ஆனாலும் கணக்கை நீங்களும் போட்டு வையுங்கள். கஞ்சா வழக்குகளில் அளவு அதிகம் என்றால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். அங்கே முழுப் பிணை கேட்டுத் தோற்பதைவிட, அறுவை சிகிச்சைக்கோ கதிர்வீச்சுக்கோ என்று குறிப்பிட்ட வாரங்களுக்கு இடைக்காலப் பிணை கேட்பது நல்லது.

தண்டனை விதிக்கப்பட்டு மேல்முறையீடு நிலுவையில் இருந்தால், தண்டனையை நிறுத்திவைக்க அதே சன்ஹிதாவின் 430-ஆவது பிரிவின் கீழ் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மனு செய்ய வேண்டும். வரதட்சணை மரண வழக்கில் மகனோடு சேர்த்துத் தண்டிக்கப்பட்ட மாமியார்கள் பலர் இந்த நிலையில் இருக்கிறார்கள். மகன் ஆண்கள் சிறையில், கணவர் இறந்துவிட்டார், மகள் புகுந்த வீட்டில் என்றால் அவருக்காக ஓடுவதற்கு யாரும் இருப்பதில்லை. அப்படி ஒருவரை உங்கள் அம்மா உள்ளே பார்த்திருந்தால், அவர் பெயரையும் உங்கள் சட்ட உதவி வழக்குரைஞரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

மேல்முறையீடுகள் முடிந்தவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாம் பரோல் என்று சொல்லும் விடுப்பு. 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி அவசர விடுப்பும் சாதாரண விடுப்பும் இருக்கின்றன. தகுதி இல்லை என்று விதி தடுக்கும் இடத்தில் 40-ஆவது விதியின் கீழ் அரசு விலக்கு அளிக்கலாம். அதனால் மனுவை உள்துறைச் செயலாளருக்கும் அனுப்புங்கள். மற்றொன்று முன்விடுதலை. தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் அதே சன்ஹிதாவின் 473-ஆவது பிரிவின்படி அரசுக்கு இருக்கிறது. ஆனால் மரண தண்டனைக்கும் உரிய குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவருக்குப் பதினான்கு ஆண்டுகள் முடிய வேண்டும் என்று 475-ஆவது பிரிவு கட்டிப்போடுகிறது. அந்தக் கட்டு அரசியலமைப்பின் 161-ஆவது உறுப்பின்படி ஆளுநருக்குள்ள அதிகாரத்தைத் தொடாது. ஆகவே பதினான்கு ஆண்டுகள் ஆகாத, புற்று முற்றிய ஓர் ஆயுள் கைதிக்கு எழுதும் மனுவில் 161 என்ற எண் அவசியம் இடம்பெற வேண்டும். தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2024 டிசம்பரில் முதிய சிறைவாசிகளுக்கும் மீள முடியாத நோயாளிகளுக்கும் என்றே ஒரு சிறப்பு இயக்கத்தைத் தொடங்கியது. 2025-இல் இவர்களுடைய விடுதலைக்காக உச்ச நீதிமன்றத்தையும் அணுகியது. மாவட்ட ஆணைக்குழுவிடம் பேசும்போது இந்த இயக்கத்தைக் குறிப்பிட்டு, அம்மாவின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எந்த வழியில் போனாலும் மனுவின் உயிர் மருத்துவச் சான்றில் இருக்கிறது. ‘நோயாளி சிகிச்சையில் உள்ளார், நிலை சீராக உள்ளது’ என்ற ஒற்றை வரிச் சான்று பிணை மனுவைக் கவிழ்த்துவிடும். ஏனென்றால் நீதிபதி கேட்கப்போகும் முதல் கேள்வி, ‘இந்தச் சிகிச்சை சிறை மருத்துவமனையிலேயே கிடைக்காதா?’ என்பதுதான். நோயின் பெயர் என்ன, எந்தக் கட்டத்தில் இருக்கிறது, குணமாக வாய்ப்பு உண்டா, இன்னும் எவ்வளவு காலம் என்று மருத்துவர் கருதுகிறார், குளிக்கவும் உண்ணவும் கழிப்பறை போகவும் அவரால் தனியாக முடியுமா, தேவையான சிகிச்சையில் எது சிறைக்குள் இல்லை என்பவற்றுக்கு அந்தச் சான்று பதில் சொல்ல வேண்டும். இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் பணிவாகக் கொடுங்கள். நீதிமன்றமே மருத்துவக் குழு அமைத்து அறிக்கை கேட்கட்டும் என்றும் மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிணை கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் வாரக்கணக்கில் உள்ளேயே இருக்கும் பாட்டிகள் உண்டு. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கென்றே வழிகாட்டுதல்கள் தந்திருக்கிறது. பிணை உத்தரவு வந்து ஏழு நாட்களில் ஒருவர் வெளியே வராவிட்டால் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணைப் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றம் பரிசீலிக்கலாம்.

வெளியே வரும் நாளுக்கு முன்பே வீட்டை ஏற்பாடு செய்யுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைக்குச் செவிலியர் வீட்டுக்கே வருவார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, அந்தப் பதிவையும் பிணை மனுவோடு இணைத்தால், வெளியே விட்டால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்கும் பதில் ஆகிவிடும். வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை என்றால், சென்னையில் ஜீவோதயா போன்ற புற்றுநோயாளிகளுக்கான இலவச ஆதரவு இல்லங்களின் ஒப்புதல் கடிதத்தை வாங்கி இணைக்கலாம்.

உள்ளேயே கடைசி நாட்கள் என்றால்

எல்லாம் செய்தும் விடுதலை வராமல் போகலாம். அப்போது மனம் உடைந்து மனுக்களோடு நின்றுவிடாதீர்கள். இனி வலியும் தனிமையும்தான் கவனிக்க வேண்டியவை. முற்றிய புற்றுநோயின் வலிக்கு மார்ஃபின் மாத்திரை நல்ல மருந்து, விலையும் குறைவு. 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதை வைத்திருந்து தருவது எளிதாகியிருக்கிறது. சிறையில் இருப்பவர் என்ற காரணத்துக்காக அதை மறுக்க நியாயம் இல்லை. சாதாரண மார்ஃபின் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தர வேண்டியது. மாலையில் பூட்டிய பிறகு மருந்து தர யார் வருவார் என்ற சிக்கல் அங்கே எழும். படுக்கும்போது கூடுதல் அளவு தருவதா, நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாகத் தருவதா, சிறை மருத்துவமனையில் இரவுப் பணியில் இருப்பவரிடம் பொறுப்பை விடுவதா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். மார்ஃபினோடு மலச்சிக்கலுக்கான மருந்தும் எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வெண்டிலேட்டர் போன்ற கருவிகள் வேண்டாம் என்று அம்மா நினைத்தால், அறிவு தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்று, 2023 ஜனவரியில் எளிதாக்கிய முறைப்படி, இரண்டு சாட்சிகளின் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றொப்பம் பெற வேண்டும். இது சிகிச்சையை நிறுத்தச் சொல்லும் காகிதமாகச் சிறையில் தவறாகப் புரிந்துகொள்ளப்படக் கூடாது. வலிக்கான மருந்தும் பராமரிப்பும் கடைசிவரை வேண்டும் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள்; யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் அவர் எழுதுகிறார் என்பதை வழக்குரைஞர் தனியாக அவரிடம் பேசி உறுதி செய்துகொள்ளட்டும்.

பெரும்பாலும் கடைசி நாட்கள் அரசு மருத்துவமனையில், காவலோடு கழியும். கட்டிலோடு சேர்த்து விலங்கிட்டிருந்தால் உடனே வழக்குரைஞரைக் கூப்பிடுங்கள். அசாமில் நோயாளிக் கைதிகளைக் கட்டிலோடு பிணைத்த வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்து, மாஜிஸ்திரேட்டின் அனுமதி இல்லாமல் விலங்கு கூடாது என்று சொல்லியிருக்கிறது. எழுந்து உட்காரவே முடியாத ஒரு கிழவி எங்கே ஓடப்போகிறாள் என்று, காவலுக்கு வந்த பெண் போலீஸே வருத்தப்பட்டு என்னிடம் சொன்னதுண்டு. உறவினர் ஒருவர் உடன் இருக்க அனுமதி கேட்டுக் கண்காணிப்பாளருக்கு முன்கூட்டியே மனுக் கொடுத்து, அந்த உத்தரவின் நகலைக் கையில் வைத்திருங்கள். வழிக்காவலர் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். ஒவ்வொரு முறையும் புதியவரிடம் காட்ட வேண்டியிருக்கும். உள்ளே விட்டதும் பேச முடியாமல் திகைக்காதீர்கள், கைக்கு வேலை இருக்கிறது. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டை ஈரமாக்குங்கள், இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், குதிகாலுக்கும் இடுப்புக்கும் துணியை மடித்து வையுங்கள், தலையை மெல்லச் சீவி விடுங்கள்.

யாருமே வராத பெண்களுக்கு இந்த வேலைகளையெல்லாம் அதே பிளாக்கில் இருக்கும் மற்றப் பெண்கள் செய்கிறார்கள். ‘ஆயா’ என்று கூப்பிட்டு, குளிப்பாட்டி, அழுக்குத் துணி அலசி, ஊட்டிவிடும் அந்தப் பெண்களுக்குக் கையுறையும் சோப்பும், படுக்கைப்புண் வராமல் பார்ப்பது எப்படி என்ற ஒரு மணி நேரப் பயிற்சியும் கிடைத்தாலே பெரிய மாற்றம் வரும். ஆதரவுச் சிகிச்சை தெரிந்த செவிலியர்கள் யாரேனும் இதைப் படித்தால், சிறைத்துறைக்கு எழுதி அனுமதி கேட்டு இந்தப் பயிற்சியைத் தர முன்வர வேண்டுகிறேன்.

இறந்த பிறகு

நோயால் இறந்தாலும், காவலில் நேர்ந்த மரணம் என்பதால் மாஜிஸ்திரேட் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் நடக்கும். இது சந்தேகத்தால் நடப்பது என்று எண்ணிப் பதற வேண்டாம், சட்டப்படியான நடைமுறைதான். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவின்படி, இயன்றவரை உறவினருக்குத் தெரிவித்து விசாரணையில் உடனிருக்க அனுமதிக்க வேண்டும். பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் உறவினர் என்பதில் அடங்குவர். கவனிப்பில் குறை இருந்ததாக நீங்கள் கருதினால், தேதியிட்ட அந்த நோட்டையும் முத்திரை வாங்கிய மனு நகல்களையும் அங்கே கொடுத்து வாக்குமூலம் அளியுங்கள். உடல் கைக்கு வர ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும் என்பதை ஊரில் காத்திருப்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இறப்புச் சான்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை, சிறையில் வேலை செய்து சேர்த்த கூலி, அவருடைய துணிமணி, கண்ணாடி, கடிதங்கள் ஆகியவற்றைப் பட்டியலிட்டுக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லாம் முடிந்த பிறகு, அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட பெண்ணின் பெயர் தெரிந்தால், சிறை முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். எந்த நாளில், எந்த ஊரில் காரியம் நடந்தது, யார் யார் வந்திருந்தார்கள் என்று எழுதுங்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன அன்று பார்த்ததுதான், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.